மூன்றாவது தடவை கேட்டால்

ஹாரியட் மியாஷிரோவுக்கு எதைக் கொடுத்தாலும் முதலில் வேண்டாம் என்பாள். இரண்டாவது தடவை கேட்டாலும் வேண்டாம்தான். மூன்றாவது தடவை கேட்டால், "உனக்குச் சிரமம் இல்லேன்னா சரி" என்று தலையைக் குனிந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வாள். இது பிடிபடாமல் அவள் பக்கத்து வீட்டில் நான் முதல் வருஷத்தை ஓட்டியது பெரிய கூத்து.

ஹவாய்த் தீவில் எங்கள் ஹிலோ ஊருக்குள்ளேயே கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த புதிதில், இனிப்பு ரொட்டி சுட்டு, சூடு ஆறுவதற்குள் அவள் வீட்டுப் படியேறினேன். "ஐயோ, எதுக்கு இதெல்லாம், நீங்க சாப்பிடுங்க" என்றாள். நம் ரொட்டி இவர்களுக்குப் பிடிக்காது போலிருக்கிறது என்று திருப்பிக் கொண்டுவந்து, நானும் என் வீட்டுக்காரர் ஜெரோமும் உட்கார்ந்த இடத்திலேயே தின்று தீர்த்தோம். அடுத்த வாரம் மீன்பிடிக்கப் போன இடத்தில் அவள் புருஷன் கிளாரன்ஸ் ஜெரோமிடம் சொன்னானாம்: "அந்த ரொட்டி வாசனையைப் பத்தியே பேசிட்டிருக்கா எங்க வீட்டம்மா." எனக்கு வந்ததே கோபம். "அப்புறம் என்னத்துக்கு வேண்டாம்னா?" என்று ஜெரோமிடம் கத்தினேன்.

"ஒரு தடவை கேட்டா அவங்க வீட்டுல அது கேட்ட கணக்கே இல்ல, லுவெல்லா. ஹிலோவுலயே பொறந்து வளர்ந்திருக்கே, இது தெரியாதா உனக்கு?" என்றார்.

கேள்விப்பட்டிருக்கிறேன்தான். ஆனால் எங்கள் போர்த்துகீசிய வீடுகளில் "சாப்பிடறியா" என்ற வார்த்தை முடிவதற்குள் கை தட்டில் இருக்கும். அவள் தாத்தா ஜப்பானின் ஒகினாவாவிலிருந்து கரும்பு வெட்ட ஹவாய்க்குக் கப்பலேறியவர். என் தாத்தாவும் அதே கரும்புக்குத்தான் வேறு ஒரு கடலைத் தாண்டி வந்தார். ஒரே தோட்டத்தில் வேர்வை சிந்தியும் எங்கள் ஆட்களுக்கு வாய் மட்டும் வளர்ந்தது, அவர்களுக்கு அது மூடியே இருந்துவிட்டது.

ஒருநாள் பேருந்து நிறுத்தத்தில் குடையும் வளைந்து போகிற மழையில் நின்றுகொண்டிருந்தாள். காரை நிறுத்தி, "ஏறு" என்றேன். "பரவாயில்ல, பஸ் வந்துடும்." மறுபடி கூப்பிட்டேன். "உனக்கு எதுக்குக் கஷ்டம், நீ போ." சனியனே, நனைந்து சாவு என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. அப்படி ஒரு முகத்தை விட்டுவிட்டு யாரும் போக முடியாது. காரைப் பின்னால் எடுத்துவந்து மூன்றாவது தடவை கூப்பிட்டேன். உடனே ஏறி, நனைந்த குடையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"ஏன்டி, முதல்லயே ஏறினா கொறஞ்சா போயிடுவே?"

"நீ நிஜமாத்தான் கூப்பிடறியான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அவள். "ஒரு தடவை யார் வேணாலும் கேப்பாங்க, மரியாதைக்கு. ரெண்டாவது தடவை வெக்கத்துல கேப்பாங்க. மூணாவது தடவை கேக்கறவங்கதான் நிஜமாக் கேக்கறாங்க."

அன்றிலிருந்து எதுவானாலும் அவளிடம் மூன்று தடவை கேட்கப் பழகிக்கொண்டேன். அவள் பையன் கார்வினையும் அப்படியே வளர்த்திருந்தாள். என் வீட்டுக்கு விளையாட வரும்போது மிட்டாய் டப்பாவை நீட்டினால், பாவம், எச்சிலை விழுங்கிக்கொண்டே "வேண்டாம் ஆன்ட்டி" என்பான். முன்பு ஒரு தடவை முதல் கேள்விக்கே கை நீட்டியதற்கு அவள் அவன் தொடையில் கிள்ளியது எனக்குத் தெரியும். அதனால் நான் மூச்சு விடாமல், "வேணுமா வேணுமா வேணுமா" என்று கேட்டுவிடுவேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு இரண்டாக எடுத்துக்கொள்வான்.

ஹாரியட் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குச் சோறு வடித்த கை. கிளாரன்ஸ் மாரடைப்பில் போன பிறகும் அவள் வேலையை விடவில்லை, அழுததையும் நான் பார்க்கவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவளுக்கு இருந்தது இரண்டே. ஒன்று கார்வின். இன்னொன்று அந்தக் கண்ணாடி ட்ரே.

சுஷி என்று ஜப்பானியர்கள் வினிகர் சோற்றையும் மீனையும் உருட்டி உருட்டிக் கடையில் வைத்திருப்பார்களே, அதை உருட்டாமல் ட்ரேயில் அடுக்கடுக்காகப் பரப்பி ஓவனில் வைத்து எடுப்பது. எங்கள் ஊரில் குழந்தைக்கு முதல் பிறந்தநாளா, பள்ளிப் படிப்பு முடித்த விருந்தா, சாவு வீடா, ஆளுக்கொரு ட்ரே தூக்கிக்கொண்டு போவோம். என்னதான் பன்றி இறைச்சியும் நூடுல்ஸும் மேசை நிறைய இருந்தாலும் ஹாரியட்டின் ட்ரேதான் முதலில் காலியாகும். காலியாகும் என்றால் முழுதாக இல்லை. கடைசித் துண்டை எவரும் தொட மாட்டார்கள். அதைப் பாதியாக வெட்டி ஒருவர் எடுப்பார். மீந்த பாதியில் பாதியை இன்னொருவர் எடுப்பார். கடைசியில் கட்டைவிரல் அளவு ஒன்று ட்ரே மூலையில் காய்ந்துகொண்டிருக்கும். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும். நானே எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "போர்த்துகீசியக்காரி இருக்கற எடத்துல எதுவும் வீணாகாது" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். ஹாரியட் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

இப்படி இருந்தவளுக்குத்தான் அந்த வருஷம் வந்து சேர்ந்தது.

கார்வின் வேலை பார்த்த ஹோட்டலை மூடிவிட்டார்கள். அவனும் அவன் பெண்டாட்டி ஜோஸ்லினும் ஹாரியட் வீட்டிலேயேதான் குடியிருந்தார்கள். இந்தத் தீவில் ஒரு சாதாரணப் பையன் சொந்தமாக வீடு வாங்குவதெல்லாம் நடக்கிற காரியமா? எங்கள் தெருப் பிள்ளைகளில் பாதிப் பேர் ஏற்கெனவே லாஸ் வேகாஸில்தான் இருக்கிறார்கள். என் பிள்ளைகள் இரண்டு பேரும் அங்கேதான். கார்வினுக்கும் அங்கே ஒரு வேலை கிடைத்தது. நான்கு அறை வைத்த வீடு ஒன்றையும் பார்த்து முடித்துவிட்டார்கள்.

ஒருநாள் காலை வேலியோரம் ஹாரியட் நின்றாள். முகத்தில் ஒரு வெளிச்சம்.

"கேட்டான்" என்றாள்.

"என்ன கேட்டான்?"

"நீயும் எங்ககூட வந்துடும்மான்னு. நேத்து பாத்திரம் தொடச்சிட்டிருந்தப்ப."

"நீ என்ன சொன்னே?"

"எனக்கெதுக்குப்பா அந்தப் பாலைவனம், நீங்க நிம்மதியாப் போங்கன்னேன்." சொல்லிவிட்டுச் சின்னப் பெண் மாதிரி வேலிக் கம்பியைச் சுரண்டினாள். அவளுக்குப் போக வேண்டும் என்று உயிர் துடித்தது. அதைத் தெரிந்துகொள்ள அவள் வாயைப் பார்க்க வேண்டியதில்லை, கையைப் பார்த்தாலே போதும்.

கொஞ்ச நாள் கழித்து கிளாரன்ஸின் கல்லறையைக் கழுவிப் பூ வைத்துவிட்டுத் திரும்பும்போது காரில் மறுபடி கேட்டிருக்கிறான். "யோசிச்சியாம்மா? உனக்குன்னு ஒரு ரூம் இருக்கு. ஜன்னல் வெச்ச ரூம்." இவள், "உங்கப்பா இங்க தனியா இருப்பாரேடா" என்றிருக்கிறாள்.

"கிளாரன்ஸ் செத்து எத்தனை வருஷமாச்சு! அவருக்கென்ன நீ பொங்கிப் போடணுமா?" என்றேன்.

"ரெண்டாவது தடவைதானே, லுவெல்லா" என்றாள் மெதுவாக. "அடுத்த தடவை கேக்கட்டும்."

"கேட்டா?"

"சரின்னு சொல்லிடுவேன்."

அதற்கு அடுத்த வாரமோ என்னவோ, துணி மடித்துக்கொண்டிருந்தபோது ஜோஸ்லின் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்களும் வாங்க அத்தே" என்று கேட்டாளாம். இதைப் போகிற போக்கில்தான் என்னிடம் சொன்னாள். "நல்ல பொண்ணு. மாமியார்ங்கற மரியாதைக்குக் கேக்கறா. நான் வேண்டாம்மா, நீங்க சந்தோஷமா இருங்கன்னுட்டேன்." எனக்கும் அதில் தவறாக எதுவும் படவில்லை. மருமகள் கேட்பது வேறு, மகன் கேட்பது வேறு. அப்படித்தான் அவளும் நினைத்தாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சனிக்கிழமை. வீட்டுக் கார்க் கொட்டகையில் மடக்கு மேசைகள் போட்டு, சாரல் அடிக்கிற பக்கம் தார்ப்பாய் கட்டி விருந்து. காலையிலேயே நான் அவள் சமையலறைக்குப் போய்விட்டேன். படுக்கையறைக் கதவு திறந்திருந்தது. கட்டிலின் மேல் தடித்த கம்பளிக் கோட்டு ஒன்று, கடைச் சீட்டுகூடக் கிழிக்காமல் கிடந்தது. ஹிலோவில் எவனுக்கு வேண்டும் கம்பளிக் கோட்டு?

"வேகாஸ்ல குளிர்காலத்துல பல்லு கிட்டுமாமே" என்றாள் என் பார்வையைக் கண்டு. காது மடல் சிவந்துபோயிருந்தது.

"அடி கள்ளி! அப்ப போய்ச் சொல்லித் தொலையேன், நானும் வர்றேன்னு."

"நானாப் போய்க் கேக்கறதா?" நிஜமாகவே அதிர்ந்துபோனாள். "அவங்க வீட்டுல எனக்கு எடம் குடுன்னு நானே கேக்கறதா? அவனால முடியாதுன்னு சொல்ல முடியாமப் போயிடுமே. பாவம்."

"அப்ப நான் சொல்றேன் அவன்கிட்ட."

அரிசி கிண்டுகிற கரண்டியை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னைக் கோபமாகப் பார்த்தது அன்று ஒரு நாள்தான். "நீ மட்டும் வாயத் தொறந்தே, லுவெல்லா, அப்புறம் உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன். இன்னிக்குக் கேப்பான். எனக்குத் தெரியும். அவன் என் பையன்."

ஜன்மத்தில் ஒரே ஒரு நாள் வாயைக் கட்டிக்கொண்டேன். அதற்கு நான் பொறுக்கியெடுத்த நாளைப் பாருங்கள்.

இரண்டு ட்ரே செய்தாள். சோறு ஆவி பறக்கும்போதே வினிகரும் சர்க்கரையும் உப்பும் கலந்த நீரைத் தெளித்து, மணி உடையாமல் கரண்டியின் ஓரத்தால் வெட்டி வெட்டிக் கலந்தாள். நான் பழைய பத்திரிகையால் விசிறினேன். சோற்றை ட்ரேயில் பரப்பி விரலை நனைத்து நனைத்து அமுக்கினாள். ரொம்ப அமுக்கினால் பலகையாகிவிடும், விட்டால் கரண்டியில் நிற்காது. மேலே எள்ளும் பொடித்த கடற்பாசியும் சோறு தெரியாத அளவுக்குத் தூவினாள். நண்டு என்று பெயர் சொல்லி விற்கிற மீன் குச்சிகளை நார் நாராகப் பிய்த்து, மயோனைஸும் மீன் முட்டையும் போட்டுப் பிசைந்து, இனிப்பும் சோயா சாஸுமாக வேகவைத்த காளானைப் பொடியாக நறுக்கிப் போட்டு, அதை மேலடுக்காகப் பரப்பினாள். ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக மேவினாள்.

"அது என்ன அந்த மூலைக்கு மட்டும் தனிக் கவனிப்பு?"

"அந்த மூலையிலதான் ஓவன் சூடு தூக்கலா இருக்கும். நல்லாக் கருகும். கார்வினுக்குக் கருகின மூலைதான் வேணும்." சொல்லிவிட்டு ட்ரேயின் ஓரத்தைத் துடைத்தாள். பிறகு, "அங்க ஓவன் எப்படியோ. போய்ப் பாத்தாத்தான் தெரியும்" என்றாள். போய்ப் பார்த்தால்தான் தெரியும்! போவது என்று முடிவே செய்துவிட்டாள் என் கல்லுளிமங்கி.

நான் கடற்பாசித் தாளைச் சதுரம் சதுரமாக வெட்டி பிஸ்கட் டின்னில் போட்டு மூடினேன். எங்கள் ஊர் ஈரத்தில் டின்னுக்கு வெளியே வைத்தால் ஒரு பாட்டு முடிவதற்குள் துவண்டுவிடும். அந்தத் தாளை உள்ளங்கையில் வைத்து, சூடாக ஒரு கரண்டி அள்ளிப் போட்டு, மடித்து வாயில் தள்ளும்போது மொறுக் என்று ஒரு சத்தம் வர வேண்டும். சத்தம் வராவிட்டால் அதைச் செய்தே பிரயோஜனமில்லை என்பாள் ஹாரியட்.

விருந்துக்குக் கூட்டம் அம்மியது. வாசலில் செருப்பு மலை. கித்தார் எடுத்து வந்தவன் வாசித்தான், குடித்தவன் அழுதான், அழுதவனைக் கேலி செய்தார்கள். கார்வின் கழுத்தில் காது வரைக்கும் பூமாலை. ஹாரியட் மட்டும் ஒரு இடத்தில் நிலைகொள்ளவில்லை. கையில் ஒரு துணியை வைத்துக்கொண்டு துடைத்த மேசையையே துடைத்தாள். அவன் எந்தப் பக்கம் போனாலும் அவனுக்கு நாலடி தள்ளி நின்றாள், தனியாகச் சிக்கினால் கேட்க வசதியாக இருக்கட்டும் என்று. ஒரு தடவை அவன் அவளைப் பார்த்து வாய் திறந்தான். அவள் துடைப்பதை நிறுத்தினாள். "அம்மா, ஐஸ் தீந்துடுச்சா?" என்றான்.

கூட்டம் கலைந்தது. அவரவர் வீட்டுக்கு ஆளுக்கொரு தட்டு கட்டிக்கொண்டு போனார்கள். ஒரு ட்ரே சுத்தமாகக் காலி. இன்னொன்றில் அந்தக் கருகிய மூலைத் துண்டு ஒன்று மட்டும் மிச்சம். யாரும் தொடவில்லை. நானும் தொடவில்லை, அது யாருக்கு என்று எனக்குத் தெரியும். கார்வின் வந்து ட்ரேயின் பக்கத்தில் நின்றான். ஹாரியட் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் போனாள். நான் நாற்காலிகளை மடிப்பதுபோல் நடித்துக்கொண்டு நின்றேன்.

"அம்மா" என்றான்.

"ம்."

"இந்தத் துண்டை நீ எடுத்துக்கோயேன்."

"உனக்குன்னுதான்டா வெச்சேன். நீ எடுத்துக்கோ."

"இல்லம்மா, நீ எடுத்துக்கோ."

இரண்டு பேரும் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அவன் அதைப் பாதியாக வெட்டி எடுத்துக்கொண்டு, மீதியை அவள் பக்கம் தள்ளினான். அவள் தோளைச் சுற்றிக் கையைப் போட்டு ஒரு நிமிஷம் அப்படியே நின்றான். அப்புறம் மேசைகளை மடிக்கப் போய்விட்டான்.

மறுநாள் விமான நிலையத்திலும் அவள் நம்பிக்கையை விடவில்லை. "நேரம் இருக்கு, லுவெல்லா" என்று என் காதில் சொன்னாள். பெட்டியைப் போடும்போது நேரம் இருந்தது. மாலை போடும்போது நேரம் இருந்தது. சோதனை வரிசையில் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டே அவன் திரும்பிப் பார்த்துக் கையாட்டினான். அப்போதும் அவள் ஓரடி முன்னால் வைத்தாள். ஜோஸ்லின் அழுதுகொண்டே கையசைத்தாள். பிறகு வேறு யாரோ வந்து வரிசையை மறைத்துவிட்டார்கள்.

வீட்டு வாசலில் காரிலிருந்து இறங்கும்போது, "அவன் கேக்கல" என்றாள் ஹாரியட். இன்றைக்கு மழை வரவில்லை என்பது போல் சொன்னாள். எனக்கு அவனைத் திருப்பி இழுத்துவந்து இரண்டு அறை அறைய வேண்டும் போலிருந்தது.

அதற்குப் பிறகு அவள் வீட்டில் விளக்கு எரிந்தாலும் யாரும் இல்லாத மாதிரிதான் இருந்தது. வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு. அவள் விருந்துகளுக்கு வருவதை நிறுத்தினாள். "யாருக்குச் செய்யறது" என்றாள். நான் போனால் தேநீர் போடுவாள், எதிரில் உட்காருவாள். ஆனால் எதிரில் இருப்பது நானா சுவரா என்று அவளுக்குத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். அந்தக் கோட்டைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருந்தாள். ஈரத்தில் பூஞ்சை படர்ந்து தோளெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. எடுத்து வெளியே எறியவும் மாட்டாள், துடைக்கவும் மாட்டாள். நம்பிக்கையற்ற மனுஷியைத் தேற்றிவிடலாம் என்று பெருமையடிப்பவர்கள் என் இடத்தில் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும்.

என் பிறந்தநாளன்று நச்சரித்து நச்சரித்துச் சின்ன ட்ரே ஒன்று செய்ய வைத்தேன். பகல் பதினொரு மணி இருக்கும். இரண்டு பேருமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். போன் அடித்தது. கார்வின். கை பிசுபிசுப்பாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, ஜோஸ்லின் உன் சுஷி பண்ணினா. சோறு பலகை மாதிரி ஆயிடுச்சு. எங்க அத்தைகூடச் சிரிக்கறாங்க."

"எந்த அத்தை?"

"ஜோஸ்லின் அம்மாதான். அவங்க இப்ப எங்களோடதான் இருக்காங்க, சொல்லலியா நான்? அந்த ஜன்னல் ரூமைத்தான் குடுத்திருக்கோம். ஜோஸ்லின் சும்மா ஒரு தடவை கேட்டா, அவங்க ஒடனே சரின்னு பெட்டியக் கட்டிட்டாங்க." சிரித்தான். பிறகு அவன் குரல் இறங்கியது. "நீதான்மா வரமாட்டேன்னுட்டே. மூணு தடவை கேட்டும்."

ஹாரியட் கையிலிருந்த கரண்டியை ட்ரேயின் ஓரத்தில் வைத்தாள். "மூணு தடவையா?" என்றாள்.

"ரெண்டு தடவை நான் கேட்டேன். மூணாவது தடவை நான் கேட்டா அழுதுடுவேன்மா, அதைப் பார்த்து நீ மனசில்லாம சரின்னு சொல்லிடுவேன்னுதான் ஜோஸ்லினை அனுப்பினேன். அதுக்கும் வேண்டாம்னுட்டே. மூணு தடவை வேண்டாம்னா அது நிஜமான வேண்டாம்னு நீதானே சொல்லிக் குடுத்தே. அப்புறம் எப்படி உன்னை வற்புறுத்தறது?" பிறகு கேட்டான், "நீ நல்லாத்தானே இருக்கே?"

நான் மேசைக்கு மேலே குனிந்து வாயைத் திறந்தேன். ஹாரியட் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்தது.

"நான் நல்லா இருக்கேன்டா" என்றாள் போனைப் பார்த்து. "அவங்க இருக்கட்டும். அவங்களுக்கு முழங்கால் வலி, தனியா இருந்தா கஷ்டம். சோத்தை அமுக்கும்போது விரலை நனைச்சுக்கச் சொல்லு. ரொம்ப அமுக்க வேண்டாம்."

வைத்துவிட்டாள்.

"திருப்பிக் கூப்பிடு!" என்றேன். "இப்பவே கூப்பிடு! நீ எண்ணினது ரெண்டு, அவன் எண்ணினது மூணுன்னு சொல்லு!"

"சொல்லி?" என்றாள். "அந்த அம்மாவை வெளிய அனுப்பிட்டு என்னை வெச்சுக்கோன்னா?"

  வெளியே மழை பிடித்துக்கொண்டது. டின்னை மூட மறந்திருந்தோம், கடற்பாசித் தாளெல்லாம் துவண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ட்ரேயில் ஒரே ஒரு துண்டு இருந்தது. கருகிய மூலை.

வேறு என்ன பேசுவது என்று தெரியாமல், பழக்கதோஷத்தில், "எடுத்துக்கோ, ஹாரியட்" என்றேன்.

"வேண்டாம், நீ எடுத்துக்கோ."

"உனக்குத்தான். எடுத்துக்கோ."

"வேண்டாம்."

மூன்றாவது தடவை நான் கேட்கவில்லை. ட்ரேயைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஹாரியட் கதவுக்குப் பின்னால் இருந்த கோட்டைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"லுவெல்லா" என்றாள். "இன்னும் ஒரு தடவை கேளேன்."

"எடுத்துக்கறியா, ஹாரியட்?"

"சரி" என்றாள். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, "சரி, சரி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தத் துண்டை அவள் தட்டில் எடுத்து வைத்தேன். அவள் தொடவில்லை.